விவிலியத் தொல்லியல் படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் தங்கள் மகள் விவிலியத் தொல்லியல் படிக்க விரும்புவதாகவும், அது இறையியலா அறிவியலா, படித்தால் பிழைப்புக்கு வழியுண்டா என்று தாங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். விவிலியம் (பைபிள்) குறிப்பிடும் நிலப்பகுதிகளின் பழமையை அகழாய்வு மூலம் ஆராயும் அத்துறை வளர்ந்த விதத்தை அறிந்தால், எந்த வழியில் அதில் நுழைவது என்பதும் விளங்கும்.

இதற்கு வித்திட்டவர்கள் இறைநம்பிக்கை உடையவர்களே. அமெரிக்க விவிலிய அறிஞர் எட்வர்ட் ராபின்சன் 1838இல் பாலஸ்தீனம் முழுவதும் பயணம் செய்து, அங்குள்ளோர் வழங்கிய அரபு ஊர்ப்பெயர்களின் துணையால் பழைய விவிலிய ஊர்கள் பலவற்றை அடையாளம் கண்டார். 1865இல் லண்டனில் பாலஸ்தீன ஆய்வு நிதியம் தோன்றியது. எனினும், 1890இல் பாலஸ்தீனத்தின் டெல் எல்-ஹெசி மேட்டை அகழ்ந்த ஆங்கிலத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி, மண்ணடுக்குகளில் கிடைக்கும் பானை ஓடுகளின் வடிவ மாற்றத்தைக் கொண்டே காலவரிசை அமைக்கலாம் என்று காட்டிய பிறகுதான் இத்துறை அறிவியல் முறையில் காலூன்றியது. பின்னர் அமெரிக்கத் தொல்லியலாளர் வில்லியம் ஆல்பிரைட் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். விவிலிய வரலாற்றை அகழாய்வு பெரிதும் உறுதிசெய்யும் என்ற எதிர்பார்ப்பும் அவர் காலத்தில் ஓங்கியிருந்தது.

தங்கள் மகள் ஆழ்ந்து படிக்க வேண்டியது எரிக்கோவின் கதை. இஸ்ரயேலரின் தலைவர் யோசுவாவின் முன் மதில் இடிந்து விழுந்ததாக விவிலியம் சொல்லும் நகர் அது. 1930களில் அங்கு அகழ்ந்த ஆங்கிலத் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்டாங், இடிந்து கிடந்த மதில்களை யோசுவா காலத்தவை என்று கருதினார். 1952 முதல் 1958 வரை அதே மேட்டை மீண்டும் அகழ்ந்த கேத்லீன் கென்யன், அகழ்குழியின் வெட்டுமுகத்தில் தெரிந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, அம்மதில்கள் கார்ஸ்டாங் கருதிய காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டவை என்று நிறுவினார். மறுபுறம், 1993இல் வட இஸ்ரேலின் டெல் டானில் கிடைத்த, அரமேயம் என்ற பழைய மொழியிலான கல்வெட்டில் ‘தாவீதின் வீடு’ (தாவீது அரசரின் வம்சம்) என்ற தொடர் காணப்பட்டபோது, தாவீதைக் கற்பனை மாந்தராகக் கருதியோரின் வாதம் பெரிதும் வலுவிழந்தது. நம்பிக்கையோ மறுப்போ, எதை உள்ளத்தில் கொண்டு சென்றாலும் மண் சொல்வதை ஏற்கும் மனம் தங்கள் மகளுக்கு இருக்குமானால், இத்துறை அவருக்கு ஏற்றதே என்பது என் கருத்து.

விவிலியத்தை முன்வைத்து அன்றி, மண்ணின் சான்றைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்பதால், அமெரிக்கத் தொல்லியலாளர் வில்லியம் டெவர் போன்றோர் ‘விவிலியத் தொல்லியல்’ என்ற பெயரையே தவிர்க்க வேண்டும் என்று வாதிட்டனர். இன்று பல பல்கலைக்கழகங்களில் இப்பாடம் அண்மைக் கிழக்குத் (மேற்காசிய) தொல்லியல் என்ற தலைப்பின்கீழ் இருப்பதால், விண்ணப்பிக்கும்போது அப்பெயரிலும் தேடுங்கள்.

முதலில் இங்கேயே அடிப்படைத் தொல்லியலைக் கற்பதே நன்று. கென்யனுக்கு அகழாய்வு கற்பித்த மார்ட்டிமர் வீலர்தான் 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டையும் அகழ்ந்தார். அடுக்குகளைப் படிக்கும் அதே முறைக்கு நம் மண்ணிலும் நெடிய மரபு உண்டு. இளங்கலையில் வரலாறோ நிலவியலோ படித்துவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்திலோ புனே டெக்கான் கல்லூரியிலோ தொல்லியல் முதுகலை பயிலலாம். விவிலியத்தின் மூல மொழிகளுள் ஒன்றான எபிரேயத்தை இப்போதே தொடங்கட்டும். அரமேயம் பின்னர் எளிதாகும்.

விவிலியத் தொல்லியலுக்கென்றே உள்ள நிரந்தரப் பணியிடங்கள் உலகெங்கும் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே புவியியல் தகவல் முறைமை (கணினி வழி நிலவரைபட ஆய்வு), தொல்பொருள் பாதுகாப்பு, எலும்பாய்வு ஆகியவற்றுள் ஒன்றில் அவர் தனித்திறன் பெறட்டும். அருங்காட்சியகங்களிலும் இந்திய அகழாய்வுகளிலும் அது பயன்படும். இஸ்ரேல், ஜோர்தான் அகழாய்வுகளில் தன்னார்வலராகச் சேர்வோர் பெரும்பாலும் பயணச் செலவைத் தாமே ஏற்க வேண்டியிருக்கும். அப்பகுதியின் பாதுகாப்பு நிலையையும் பார்க்க வேண்டும். எனவே அந்தப் பயணத்தை முதுகலைக் காலத்துக்குத் தள்ளிவைத்து, அதற்கான தொகையை இப்போதிருந்தே சிறுகச் சிறுகச் சேமித்து வாருங்கள்.