உள்சவ்வைத் தைக்காமல் விட்டது சரியா?

செல்லப்பிராணி நலம்: வாசகர் கேள்வி பதில்

எங்கள் பூனைக்குக் கருத்தடை செய்த மருத்துவர், வயிற்றின் உள்சவ்வைத் தைக்கவில்லை என்றார். உள்ளே அது திறந்தே கிடக்குமா? (வாசகி, ஈசூன்)

கிடக்காது. அவர் செய்ததுதான் சரி. வயிற்றறையின் உட்சுவரையும், குடல், கல்லீரல், கருப்பை போன்ற உறுப்புகளின் வெளிப்புறத்தையும் ஒரே தொடர்ச்சியாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு பெரிட்டோனியம். மேலே ஒரே அடுக்கில் தட்டையான உயிரணுக்கள், அடியில் கொஞ்சம் இணைப்புத் திசு, அவ்வளவுதான். தோலில் காயம் பட்டால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மூடும். காயம் பெரிதானால் நாளும் கூடும். இந்தச் சவ்வோ காயப் பரப்பு முழுவதிலும் ஒரே சமயத்தில் புதிய உயிரணுக்கள் படிந்து மூடுகிறது. சிறிய வெட்டோ நீண்ட வெட்டோ, ஏறக்குறைய ஒரு வாரம் போதும்.

தைத்தால்தான் தொல்லை. நூலின் இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, அங்கே படியும் ஃபைப்ரின் எனும் இரத்த உறைவுப் புரதம் கரையாமல் தங்கி, குடலோ கொழுப்போ சுவரோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். வயிற்றைத் தாங்கும் வலிமை நடுக்கோட்டு நார்ப்பட்டையில் இருக்கிறது. மருத்துவர் தைத்தது அதைத்தான்.

அந்தப் பட்டையை நீங்கள் 10 முதல் 14 நாள் காப்பாற்ற வேண்டும். அலமாரி மேல் தாவ விடாதீர்கள், கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள். தையல் ஓரத்தில் மெத்தென்ற புடைப்பு தெரிந்தாலோ, இளஞ்சிவப்பு நீர் திடீரென அதிகமாகக் கசிந்தாலோ, அமுக்கிப் பார்க்காமல் அன்றே கொண்டு செல்லுங்கள். 4 கிலோ பூனையின் வயிற்றறையில் இயல்பாக இருக்கும் நீர் ஒரு தேக்கரண்டிகூட இராது (கிலோவுக்கு 1 மில்லிலிட்டருக்கும் குறைவு). அதனால் நனைந்துபோகும் கட்டு சாதாரண விஷயமல்ல.

நாய் சத்தே குச்சியை விழுங்கிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடுகிறது. மலத்தில் வரும்வரை காத்திருக்கலாமா? (வாசகர், தெம்பனிஸ்)

காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். கூர்முனை உணவுக்குழாயைக் கிழித்துவிடும். மூங்கில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. குச்சி இன்னும் இரைப்பையில் இருந்தால், வாய்வழியே விடும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப்பால் எடுத்துவிடலாம். தாமதித்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நாய் நன்றாக இருப்பதாகத் தோன்றுவதை நம்பிவிடக் கூடாது. இரைப்பையிலிருந்து ஏப்ரன் போலத் தொங்கிக் குடலை மறைக்கும் பெரிட்டோனிய மடிப்பு ஒன்று உண்டு, ஓமெண்டம் என்பார்கள். குடலில் ஓட்டை விழுந்தால் அது போய் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். நாயும் சில நாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அந்த அடைப்பு தாங்காதபோது குடல் நீர் வயிற்றறை எங்கும் பரவும். உதரவிதானத்தின் அடிப்பக்கத்தில் உள்ள நுண்துளைகள், ஒவ்வொரு மூச்சிலும் இந்த நீரை நிணநீர்க் குழாய்களுக்குள் இழுக்கின்றன. கிருமிகள் இரத்தத்தை எட்டச் சில மணி நேரமே போதும்.

உறுப்புகளைப் போர்த்தும் சவ்வு இழுபட்டால்தான் வலிக்கும், அதுவும் எங்கே என்று தெரியாத மந்தமான வலி. சுவரைப் போர்த்தும் சவ்வில் வீக்கம் வந்தால் வலி கூர்மையாக இருக்கும். வயிறு விறைத்து, தொட விடாமல், முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நின்றால் அவசரம்.

மருத்துவர் வயிற்று நீரையும் இரத்தத்தையும் சேர்த்து எடுப்பார். நீரில் உள்ள சர்க்கரை இரத்தத்தைவிட 1.1 மில்லிமோல்/லிட்டருக்கு மேல் குறைந்திருந்தால் கிருமித் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். கிருமிகளும் வெள்ளணுக்களும் அதைத் தின்றுவிடுகின்றன. வெள்ளணுவுக்குள்ளேயே கிருமி தெரிந்தால் உறுதி. அறுவையில் வெதுவெதுப்பான சலைனால் கழுவி (பொதுவாகக் கிலோவுக்கு 200 முதல் 300 மில்லிலிட்டர்), முழுதும் உறிஞ்சி எடுப்பார்கள். நீர் மிச்சமிருந்தால் வெள்ளணுக்களால் கிருமியைப் பிடிக்க முடியாது.

9 மாதப் பூனையின் வயிறு உப்பிவிட்டது. ஊசியில் மஞ்சள் நீர் வந்தது. மருத்துவர் அதில் ஒரு சொட்டைச் சோதனைக் குழாயில் விட்டுப் பார்த்தார். நீரை முழுதாக எடுத்துவிட்டால் சரியாகாதா? (வாசகி, செங்காங்)

அது ரிவால்டா சோதனை. சுமார் 8 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு அடர் அசெட்டிக் அமிலம் கலந்து, மேலே வயிற்று நீரை ஒரு சொட்டு விடுவார்கள். கரைந்து மறைந்தால் எஃப்ஐபி எனும் பூனைப் பெரிட்டோனிய அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. சொட்டு உருக்குலையாமல் நின்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் கிருமித் தொற்றிலும் சில புற்றுகளிலும் அப்படி நிற்கும் என்பதால் அதோடு முடிவு செய்யக் கூடாது. நீரில் புரதம் லிட்டருக்கு 35 கிராமுக்கு மேல், அல்புமின், குளோபுலின் எனும் இரு புரதங்களின் விகிதம் 0.4க்குக் கீழ், பிசிஆரில் கொரோனா கிருமி என மூன்றும் சேர்ந்தால் நோய் ஏறக்குறைய உறுதி.

பூனைகளின் குடலில் சாதாரணமாக வாழும் கொரோனா கிருமி சில பூனைகளில் உருமாறி வெள்ளணுக்களைப் பற்றுகிறது. அதனால் சிறு நாளங்கள் வீங்கிப் புரத நீரைக் கசியவிடுகின்றன. கசிவு நிற்காதவரை, எடுத்த நீர் மறுபடி சுரக்கும், புரதமும் வீணாகும். மூச்சுத் திணறினால் மட்டும் எடுப்பது நல்லது. முன்பு இது உயிரைப் பறிக்கும் நோயாகவே இருந்தது. இப்போது ஜிஎஸ்-441524, ரெம்டெசிவிர் மருந்துகளால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன; வழக்கமான சிகிச்சைக் காலம் 84 நாள். மனிதருக்குத் தொற்றாது, பிள்ளைகள் தொட்டுக் கொஞ்சலாம்.

வயிற்று நீரெல்லாம் எஃப்ஐபி அல்ல. தண்ணீர் போலத் தெளிவாக இருந்தால் அல்புமின் குறைவைத் தேடுவார்கள். சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியேட்டினின், வயிற்று நீரில் இரத்தத்தில் உள்ளதைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால் சிறுநீர்ப் பாதையில் கிழிசல் இருக்கும்.

ஆண் முயலுக்கு விதையகற்றும்போது கவட்டுக் கால்வாயையும் மூட வேண்டும் என்கிறார்களே, ஏன்? (வாசகர், கிளமெண்டி)

விதையைச் சுற்றியுள்ள உறை, வயிற்றுப் பெரிட்டோனியத்தின் நீட்சிதான். இரண்டையும் இணைக்கும் வழிதான் கவட்டுக் கால்வாய். நாயில் அது குறுகலானது. முயலில் அது ஆயுள் முழுக்க அகலத் திறந்திருக்கும். முயல் தன் விதைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளவும் முடியும். மூடாமல் விட்டால் குடலோ கொழுப்போ அதன் வழியே இறங்கிவிடும். அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடாதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, வெறும் வயிற்றில் குடல் இயக்கம்தான் நின்றுபோகும். வீடு திரும்பியதும் உலர்புல்லை முன்னால் வையுங்கள். 12 மணி நேரத்துக்குள் தின்னவோ புழுக்கை போடவோ இல்லையென்றால் மருத்துவரை அழையுங்கள்.