அந்தப் பெட்டியை யார் வாங்குவார்?

அன்புள்ள ஐயா,

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். என் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்காக, வாட்டிய கொழுந்தின் ஈரப்பதனைச் சில விநாடிகளில் காட்டும் கைக்கருவி ஒன்றைச் செய்தேன். இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒரு பிடி கொழுந்தை வைத்து அழுத்தினால் போதும். அடுப்பில் உலர்த்தி எடுத்த அளவோடு நன்றாகவே ஒத்துப்போனது. உதிரிப்பாகச் செலவு பதினைந்தாயிரம் ரூபாய்க்குள்தான். கண்காட்சியில் பரிசும் கிடைத்தது. அதிலிருந்து எல்லோரும் 'ஸ்டார்ட்அப் தொடங்கு' என்கிறார்கள். கொழும்பில் ஒருவர் பணம் போட முன்வந்து, கம்பனியில் பாதிக்கு மேல் பங்கு கேட்கிறார். என் பேராசிரியர் முதலில் பேட்டண்ட் எடு என்கிறார். வீட்டிலோ ஆசிரியர் நியமனம் வந்தால் வேறெதையும் யோசிக்காதே என்கிறார்கள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். அவர் சொல்லைத் தட்ட மனமில்லை. நான் என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

நான் பெக்டரி உத்தியோகத்தர் வீட்டில் வளர்ந்தவன். உங்கள் கருவியைப் பற்றிப் படித்ததும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். தண்ணீர் கூடினால் தகடுகளுக்கிடையே மின் கொள்ளளவு, அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் திறன், மாறும், அதை அளக்கலாம் என்பதில் சந்தேகம் இல்லை. நீங்கள் ஒப்பிட்ட முறையும் சரியானதுதான். 103 பாகை செல்சியஸில் மணிக்கணக்காக உலர்த்தி எடை பார்ப்பதே சர்வதேசத் தரமுறை. ஆனால் அதன் முடிவு வரும்போது அந்தக் கொழுந்து, அடுத்த கட்டத்தில் அதை உருட்டி நசுக்கும் ரோலரைத் தாண்டிப் போயிருக்கும். ஆகவே விரைவாக அளக்கும் கருவிக்கு இடம் இருக்கிறது. கண்காட்சியில் நடுவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இதை யார், எதற்காகக் காசு கொடுத்து வாங்குவார்?

இப்போது இந்த வேலையை யார் செய்கிறார் என்று பாருங்கள். டீமேக்கர், அதாவது பெக்டரியில் தேயிலை தயாரிப்பைக் கவனிப்பவர். பறித்து வந்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டும் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரத்தில் அதை ஏறக்குறைய 55 சதவீதத்துக்குக் கொண்டு வருகிறார்கள். எப்போது போதும் என்பதை அவர் கை சொல்கிறது. ஒரு பிடி எடுத்து உருண்டையாக இறுக்கி விடுவார். உடனே பிரிந்து விழுந்தால் இன்னும் வேண்டும். மெதுவாக விரிந்தால், காம்பு முறியாமல் வளைந்தால், பச்சை வாடை போய் ஒரு பழ வாசனை வந்தால் சரி. இது நடப்பது பெரும்பாலும் நடுச்சாமத்திலும் விடியற்காலையிலும். உங்கள் கருவி அந்த நேரத்தில், அந்தத் தூசியிலும் ஈரத்திலும், அந்த மனிதரின் கையில் இருக்கப் போகிறது. அவரே அதை விரும்பாமல் போகலாம். இத்தனை வருடம் தன் கையை நம்பிய மனிதருக்கு, தலைமை அலுவலகம் தன்னை வேவு பார்க்க அனுப்பிய பெட்டியாக அது தெரிந்தால் தப்பில்லை. அவரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இன்னொன்று. மாதிரிகளை எந்த மாதத்தில் எடுத்தீர்கள்? இறுதியாண்டு ஆய்வுகள் பலவற்றைப் போல ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் என்றால், உங்கள் பக்கத்தில் அது வெயிலும் உலர்காற்றும் உள்ள நல்ல தேயிலைக் காலம். மே கடைசியில் தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் கொழுந்து மேலெல்லாம் தண்ணீரோடு பெக்டரிக்கு வரும். இலைக்குள் இருக்கும் நீரும் இலை மேல் இருக்கும் நீரும் உங்கள் தகடுகளுக்கு ஒன்றுபோலத் தெரியுமா? ஊவாப் பக்கமோ இதற்கு எதிர். அங்கே ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் கொழுந்து சீக்கிரம் வாடிவிடும். ஹட்டனில் பெப்ரவரியில் சரியாகச் சொன்ன கருவி ஊவாவின் பண்டாரவளையில் ஓகஸ்டில் பொய் சொன்னால் அந்தப் பெக்டரி இரண்டாவது தடவை உங்களைக் கூப்பிடாது. ஆய்வேட்டுக்கு ஒரு பருவம் போதும். விற்கிற பொருளுக்கு முழு வருடம் வேண்டும், குறைந்தது இரண்டு பெக்டரிகளிலாவது.

அப்புறம் எண்ணிக்கை. இந்த நாட்டில் இயங்கும் தேயிலைப் பெக்டரிகள் சில நூறுதான். எல்லாமே ஆளுக்கு ஒன்று வாங்கினாலும் சில வருடங்களில் சந்தை முடிந்துவிடும். பெரிய தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் போனதிலிருந்து, இப்படியான செலவுகளைத் தோட்டத்தை நடத்தும் துரை தனியாகத் தீர்மானிப்பது குறைவு. கொழும்பில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வாட்டும் தொட்டியைப் பார்க்கப் போவதில்லை, கணக்கைத்தான் பார்ப்பார். அவரிடம் 'துல்லியம்' என்று போய் நின்றால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார். 'கரண்ட் பில்' என்று சொல்லிப் பாருங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். வாட்டும் தொட்டியின் ஃபேன்கள் இரவெல்லாம் ஓடுகின்றன. பெக்டரியின் மின்செலவில் கணிசமான பங்கு அவற்றுடையது, 2022க்குப் பிறகு அந்தச் செலவு எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். போதுமான அளவு வாடிவிட்டது, ஃபேனை நிறுத்தலாம் என்று ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லக்கூடிய கருவி என்றால் அதற்கு விலை உண்டு. அதை நீங்கள் இன்னும் அளக்கவில்லை. உங்கள் ஆய்வேட்டில் இருப்பது ஈரப்பதன். அவர் வாங்கப்போவது மின்சார அலகுகள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலைதான் மிச்சம்.

ஸ்டார்ட்அப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. மேடைகளில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தையும் கூகுளையும் சொல்வார்கள். கூகுளின் அடிப்படைத் தேடல் முறைக்கான பேட்டண்ட் அந்தப் பல்கலைக்கழகத்துடையது. அதற்குப் பதிலாகக் கிடைத்த பங்குகளை விற்று அது 33 கோடி டொலருக்கு மேல் பெற்றது உண்மை. ஆனால் அமெரிக்காவிலேயே பல பல்கலைக்கழகங்களின் உரிம அலுவலகங்கள் தங்கள் செலவைக்கூட மீட்பதில்லை. நம் நாடு ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதம். ஆய்வுகூடத்துக்கும் பெக்டரிக்கும் நடுவில் அரசும் தொழில்துறையும் போட வேண்டிய பாலத்தை, பட்டம் வாங்கி வெளியே வந்த ஒரு தோட்டத்துப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு அதற்குத் 'தொழில்முனைவு' என்று பெயர் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கம்பனி இல்லாமலும் ஆய்வு பொருளாகும். உங்கள் வீட்டைச் சுற்றியே அதற்குச் சாட்சி நிற்கிறது. தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தொடங்கியது. தேயிலைத் தொழிலிடமிருந்து அறவிட்ட வரிதான் அதற்குப் பணம். அங்கே தேர்ந்தெடுத்த, நிறுவகத்தின் ஆங்கிலச் சுருக்கத்தோடு ஓர் இலக்கமும் சேர்த்து 'டிஆர்ஐ 2025' என்று பெயரிட்ட வகை போன்றவை ஒற்றை இலைத் துண்டுகளாக நாற்றுமேடைக்குப் போய், அங்கிருந்து மலைமலையாகப் பரவின. யாரும் முதலீட்டாளரிடம் படம் போட்டுக் காட்டவில்லை. உங்கள் அம்மா கொழுந்து எடுக்கும் மலையில் அந்தச் செடிகள் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு பஸ்ஸில் போய்வரலாம். கருவியைச் சோதிக்க நீங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

பேட்டண்ட், அதாவது ஆக்கவுரிமை விஷயத்தில் உங்கள் பேராசிரியர் பாதி சரி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, கண்டுபிடித்தவரே அதை வெளியில் காட்டியிருந்தால், அந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இலங்கையில் விண்ணப்பிக்கலாம். கண்காட்சி நாளையும், ஆய்வேடு நூலகத்துக்குப் போன நாளையும் உடனே பாருங்கள். ஐரோப்பாவில் இந்தச் சலுகை பொதுவாக இல்லை, அந்தக் கதவு அநேகமாக மூடியாயிற்று. சரி, அங்கே தேயிலை பெக்டரிகளும் அரிதுதானே. உரிமை யாருக்கு என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். நீங்கள் மாணவி, ஊழியர் அல்ல. ஆனால் அவர்களுடைய ஆய்வுகூடமும், ஒருவேளை அவர்களுடைய ஆய்வு நிதியும் இதில் இருக்கின்றன. பல பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே தொழில்துறை இணைப்புப் பிரிவு இருக்கிறது. தகடுகளை வெட்டிக் கொடுத்த ஆய்வுகூட உத்தியோகத்தர் யோசனையும் சொல்லியிருந்தால் அவர் பெயரும் வர வேண்டும்.

கொழும்புக்காரர் விஷயம். ஒரு பெக்டரியிலும் ஓடாத கருவிக்கு இப்போது எந்த விலையும் பேச முடியாது, பேசினால் உங்களுக்குத்தான் நட்டம். பாதிக்கு மேல் கொடுத்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து நீங்கள் உங்கள் கருவிக்குச் சம்பளக்காரி. மறுத்துவிடுங்கள், மரியாதையாக. ஆளைப் பகைக்க வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கம்பனியே தொடங்க மாட்டேன். தேயிலை இயந்திரங்கள் செய்து விற்கும் நிறுவனங்கள் நாட்டில் இருக்கின்றன. அவர்களுக்கு ஒவ்வொரு பெக்டரியிலும் ஆளைத் தெரியும், பழுது பார்க்கப் போகும் வண்டி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் கருவி நின்றுபோனால் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கிறது. உங்களிடம் இவை ஒன்றும் இல்லை, அவர்களிடம் உங்கள் கருவி இல்லை. விற்கும் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று உரிமத் தொகை பேசி அவர்களிடம் கொடுக்கலாம். ஆனால் ஒரு வருட அளவீடுகள் கையில் இருந்தால்தான் அவர்கள் பேசவே வருவார்கள். அந்த அளவீடுகள் இன்னொருவரிடம் கிடைக்காத பொருள். உருவத்தை யாரும் பார்த்துச் செய்துவிடலாம், பருவம் பருவமாக எடுத்த அளவுத் திருத்தத்தை அப்படிச் செய்ய முடியாது. அதை யாருக்கும் இலவசமாக மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்.

ஆசிரியர் நியமனம் வந்தால் போங்கள். அரச சேவையில் இருந்துகொண்டு தொழில் நடத்த அனுமதி வேண்டும், அது சுலபமில்லை. உரிமம் கொடுக்கும் வழி அந்த வேலையோடு ஒத்துப்போக வாய்ப்பு அதிகம், ஆனால் அதையும் நியமனக் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவிடம் இப்போதைக்குக் கம்பனிக் கதையைப் பேச வேண்டியதில்லை.

ஏப்ரல் விடுமுறை முடிந்ததும் இரண்டு பெக்டரிகளின் துரைமாருக்கு எழுதுங்கள், மழை தொடங்குமுன் உள்ளே போய்விட வேண்டும். கடிதத்தில் ஃபேன் ஓடும் நேரத்தைப் பதிந்து தருவதாகச் சொல்லுங்கள், கருவியைப் பற்றி ஒரு வரி போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி எனக்கு அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.