இன்சூரன்ஸ் பேச்சு நடந்தாலும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்

கேள்வி: லண்டனில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். 2023 ஜூன் 12 அன்று அடுக்கிலிருந்து பெட்டி சரிந்து முதுகில் விழுந்தது. இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. கம்பெனியின் இன்சூரன்ஸ் தரப்பு தவறை ஒப்புக்கொண்டு, தொகை பற்றி மின்னஞ்சலில் பேசி வருகிறது. டிஸ்க் விலகியது போன வருட ஸ்கேனில்தான் தெரிந்தது. வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு அன்றிலிருந்துதான் தொடங்கும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: நண்பரை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இங்கிலாந்தின் 1980-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, கெடு விபத்து நாளிலிருந்து மூன்று ஆண்டு. காயம் பிந்தித் தெரிய வந்தால், தெரிந்த நாளிலிருந்து. நண்பர் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் இது, ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்துப் பல வருடம் கழித்து நோயில் விழுகிறவர் போன்றோருக்கானது. வழக்குப் போடும் அளவுக்குக் காயம் பெரிது, அது எதனால் வந்தது, யார் மீது வழக்கு என்று தெரிந்தாலே போதும், கெடு தொடங்கிவிடும். இரண்டு மாதம் வேலைக்குப் போகாத உங்களுக்கு இதெல்லாம் அப்போதே தெரியும். ஸ்கேன் வரை காத்திருந்தேன் என்றால் நீதிபதி ஏற்பது கடினம். விபத்து நாளைச் சேர்க்காமல் கணக்கிட்டால், 2026 ஜூன் 12 கடைசி நாள்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த மின்னஞ்சல்கள்தான். பலரும் கோட்டைவிடும் இடம் இது. தவறை ஒப்புக்கொண்டதாலோ, "மருத்துவ அறிக்கை வரட்டும், பேசலாம்" என்று எழுதியதாலோ கெடு நிற்காது. கடைசி நாள் தாண்டிய மறுநாளே அவர்கள் கெடு முடிந்தது என்று வாதாடலாம். தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தின் 33-ஆம் பிரிவில் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அவர் மன்னிப்பார் என்று நினைத்து எந்த வக்கீலும் காத்திருக்க மாட்டார்.

கெடு வாதத்தை எழுப்ப மாட்டோம் என்று இன்சூரன்ஸ் தரப்பிடம் எழுத்தில் உடன்படிக்கை கேளுங்கள். தயங்கினால், பேச்சு நடக்கும்போதே மனுப் படிவத்தைக் கட்டணத்தோடு கவுன்டி நீதிமன்றத்தில் சேர்த்துவிடுங்கள். தபாலில் போட்ட நாள் கணக்கில்லை, நீதிமன்ற அலுவலகத்துக்குக் கிடைத்த நாள்தான் கணக்கு. கையில் காசு இல்லையென்றால் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். மனு பதிவானபின் அதை எதிர்த்தரப்புக்கு அனுப்ப நான்கு மாதம் கிடைக்கும். அப்புறம் தொகையை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். இந்த வாரமே ஒரு சொலிசிட்டரைப் பாருங்கள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள்.