ஜூலையில் படகு ஓடுமா? கொங்கண் பயணக் கேள்விகளும் பதில்களும்

மே பாதி தாண்டியதும், மும்பைக்குத் தெற்கே நீளும் கொங்கண் கடலோரப் பயணம் பற்றி மும்பை வாசகர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. தேதியும் ஊரும் இல்லாமல் "அடுத்த மாதம் பீச்சுக்குப் போகலாமா?" என்று மட்டும் கேட்டவற்றை ஓரங்கட்டிவிட்டேன். விவரத்தோடு எழுதியவர்களுக்கு இங்கே பதில்.

ஜூன் 20 அன்று கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் மாண்ட்வா போய், அலிபாகில் இரண்டு நாள் தங்கத் திட்டம். படகு டிக்கெட்டை முன்பதிவு செய்ய முடியுமா? (செம்பூர் வாசகர்)

படகே இருக்காது, பிறகென்ன முன்பதிவு? கேட்வே படகுகள் மே கடைசி வாக்கில் நின்றால் செப்டம்பரை ஒட்டித்தான் மறுபடி ஓடும். மும்பையின் பாவ்ச்சா தக்கா படகுத்துறையிலிருந்து கார்களையும் ஏற்றிக்கொண்டு போகும் ரோ-ரோ கப்பல் மழைக்காலத்திலும் உண்டு. ஆனால் அன்றன்றைய கடலைப் பொறுத்து நேரம் மாறும், ரத்தும் ஆகும். பென் என்ற ஊர் வழியாகச் சாலையில் போங்கள். சுமார் 100 கிலோமீட்டர். மழையில் மூன்றரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் திரும்பி வந்து அன்று மாலையே விமானம் பிடிக்கும் சாகசமெல்லாம் வேண்டாம்.

மே 28 முதல் மூன்று நாள் மால்வண். பேரனுக்கு ஸ்கூபா, எங்களுக்குச் சிந்துதுர்க் கோட்டை. மழை வராது அல்லவா? (முலுண்ட் தம்பதி)

மழை வராவிட்டாலும் கோட்டைக்குள் போக முடியாது. சிவாஜி 1660களில் கட்டிய அந்தக் கோட்டை கடலுக்குள் தீவில் நிற்கிறது. படகை விட்டால் வேறு வழி கிடையாது. அந்தக் கரையில் மே 25 வாக்கிலேயே சுற்றுலாப் படகும் ஸ்கூபாவும் நிறுத்தப்பட்டு, ஆகஸ்ட் முடியும் வரை அப்படியே கிடக்கும். வானம் வெளுத்திருக்கும்போதே தென்மேற்குக் காற்று கடலைக் கலக்கத் தொடங்கிவிடும். தண்ணீருக்கடியில் பேரன் சேற்றைத்தான் பார்ப்பான். முருட்-ஜஞ்சிரா கடற்கோட்டைக்கும் இதே கதி. கோட்டை பார்த்தே தீர வேண்டும் என்றால் விஜயதுர்க் போங்கள், அங்கே காரிலேயே வாசல் வரை போகலாம். முடிந்தால் ஒரு வாரம் முன்னதாகக் கிளம்புங்கள், கடைசி ஹாபுஸ் மாம்பழமாவது கிடைக்கும்.

பருவமழை கேரளத்தில் ஜூன் 1, மும்பையில் ஜூன் 11 அன்று தொடங்கும் என்கிறார்கள். அப்படியானால் ஜூன் 5 வரை தாராளமாகக் கடற்கரைப் பயணம் போகலாமே? (வாஷி வாசகர்)

அவை சராசரித் தேதிகள். பருவமழை அவற்றைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. 2025இல் கேரளத்தில் மே 24, மும்பையில் மே 26. இடையில் இரண்டே நாள். இன்னொன்றும் உண்டு. பருவமழைக்கு முந்தைய வாரங்கள் அரபிக் கடலில் புயல்களுக்கு உரியவை. 2021 மே நடுவில் டவ்தே மும்பையை உரசிக்கொண்டு போனது. 2020 ஜூன் 3 அன்று நிசர்கா அலிபாக் அருகே கரையேறியது. நீங்கள் குறித்திருக்கும் "தாராளமான" நாட்களும் இவையும் ஒன்றுதான். போவதானால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்துப் போடுங்கள்.

ஜூலை 12 முதல் நான்கு நாள் கோவாவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். செல்பேசியில் நான்கு நாளும் மழைப் படம், 85 சதவீதம் என்று காட்டுகிறது. வீட்டில் ஒரே சண்டை. ரத்து செய்யலாமா? (டோம்பிவிலி வாசகி)

மாதம் தவறாமல் வரும் கேள்வி. மாதம் தவறாமல் எனக்கு எரிச்சலும் வருகிறது. அம்மா, ஜூலை 12க்கு இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கிறது. ஏழெட்டு வாரம் கழித்து ஒரு குறிப்பிட்ட நாள் எப்படி இருக்கும் என்று சொல்லும் ஆற்றல் உலகத்தில் எந்த வானிலை மையத்துக்கும் கிடையாது. செயலி உங்களுக்குக் காட்டுவது பழைய ஆண்டுகளின் சராசரியை. அதற்கு ஒரு மேகப் படம் போட்டு, தேதி ஒட்டியிருக்கிறார்கள். பணஜியில் ஜூலையில் மட்டும் ஒரு மீட்டரை நெருங்கும் மழை பெய்யும். மார்கழி விடியலில் குளிரும் என்று சொல்ல ஜோசியர் எதற்கு?

அடுத்து அந்த 85 சதவீதம். நாளில் 85 சதவீத நேரம் மழை பெய்யும் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த இடத்தில் அளக்கும்படியான மழை விழ எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அது சொல்கிறது. பத்து நிமிடம் தூறிவிட்டு மாலை வரை வெயில் அடித்தாலும் கணிப்பு சரி. விடிய விடியக் கொட்டினாலும் அதே கணிப்பு சரி. இதை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை வேறு!

மும்பைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 94 சென்டிமீட்டர் கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் ஏழு சென்டிமீட்டர்தான். ஒரே நகரம், ஒரே நாள். "மும்பை: மழை" என்ற ஒற்றைப் படம் இந்த இரண்டில் எதைச் சொல்லும்?

பருவமழை தினமும் ஒரே அளவில் பெய்வதும் இல்லை. குஜராத்திலிருந்து கேரளம் வரை கரையை ஒட்டிய காற்றழுத்தத் தாழ்வுப் பள்ளம் வலுத்து, வங்கக் கடலிலும் ஒரு தாழ்வுப் பகுதி சேர்ந்துகொண்டால் நான்கைந்து நாள் விடாமல் அடிக்கும். வட இந்தியச் சமவெளியில் இருக்க வேண்டிய பருவமழைத் தாழ்வுப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டால் கொங்கணில் ஒரு வாரம் வெயில்கூட அடிக்கும். உங்கள் நான்கு நாள் எந்தப் பக்கம் விழும் என்பது கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்புதான் ஓரளவு தெரியும்.

அதனால் ஜூலை 8 வரை செயலியைத் திறக்காதீர்கள். அதன் பிறகு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் பொதுவாக 12 முதல் 20 சென்டிமீட்டர் மழை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். சிவப்பு வந்தால் தள்ளிப் போடுங்கள், ஆரஞ்சு வந்தால் மலைப்பாதையைத் தவிருங்கள், மஞ்சள் வந்தால் குடை. அன்றைய நாளுக்கு, மூன்று மணி நேர முன்னறிவிப்பும் ராடார் படமும் போதும். அலைக்கு ஹைதராபாதில் இருக்கும் கடல்சார் தகவல் மையம் தனியே எச்சரிக்கை தருகிறது. பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கடலும் சாலையும்தான், மழை அல்ல. ஆனால் அந்த எச்சரிக்கையைப் பார்க்கிறவர்கள் குறைவு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்: ரத்து செய்ய வேண்டாம். ஜூலை கோவாவில் அறை மலிவு, பச்சை கண்ணைப் பறிக்கும், பழைய தேவாலயங்களில் கூட்டம் இருக்காது. கடலில் இறங்கக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீச்சலுக்குத் தடை உண்டு. கரையில் நின்று பாருங்கள், ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். படம் எடுக்கத் திரும்பி நிற்பவர்களைத்தான் அலை இழுத்துக்கொண்டு போகிறது.

கார்த்திகை அமாவாசைக்கு ஹரிஹரேஷ்வர் போகிறோம். கடலோரப் பாறை வழியாகப் பிரதட்சிணம் எத்தனை மணிக்குச் செய்யலாம்? (மாட்டுங்கா மாமி)

தேதி, ஊர், காரியம் மூன்றும் எழுதியதற்கு நன்றி, மாமி. அந்தப் பாதை கடல் தண்ணீர் வடிந்திருக்கும் வற்றத்தின்போது மட்டுமே நடக்கத் தக்கது. இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். வற்றம் காலை ஆறு, மாலை ஆறு வாக்கில். தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். விடிந்ததும் சுற்றி முடித்துவிட்டு, பிறகு சாவகாசமாகத் தரிசனம் செய்யுங்கள். தரிசனம் முடித்துப் பத்து மணிக்கு மேல் பாறைக்குப் போனால் கடல் உங்களை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும், அதுவும் அமாவாசைப் பெருக்கு. உள்ளூரில் பர்த்தி என்றால் ஏற்றம், ஓஹோட்டி என்றால் வற்றம். கோயிலில் அன்றைய நேரத்தைக் கேட்டுவிட்டே இறங்குங்கள். பாசி வழுக்கும். கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள் என்று உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். அலிபாக் கடலுக்குள் இருக்கும் கொலாபா கோட்டைக்கு நடந்து போவது பற்றி மூவர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கணக்கு. அஷ்டமியை ஒட்டிப் போனால் வற்றம் நண்பகலில் வரும், ஆனால் தண்ணீர் முழுதாக வடியாது, முழங்கால் நனையும்.

போன ஆகஸ்டில் கோவாவின் மட்காவ் நிலையத்திலிருந்து திரும்பும்போது எங்கள் ரயில் வழக்கமான நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டது. இதற்கு யார் பொறுப்பு? (தாணே வாசகர்)

நீங்கள்தான். கொங்கண் பாதைக்கு மழைக்கால அட்டவணை தனியாக உண்டு. 2025இல் ஜூன் 15 முதல் அக்டோபர் 20 வரை. 2003, 2004 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜூன் மாத மழையில் மண்ணும் பாறையும் சரிந்து ரயில்கள் தடம்புரண்டு உயிர்கள் போயின. வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள், அதனால் நேரம் மாறுகிறது. டிக்கெட்டை மறுபடி ஒருமுறை பார்க்க அரை நிமிடம் ஆகும்.

கணபதி விடுமுறையில் ரத்னகிரிக்கு ரயிலில் இடம் கிடைக்குமா? இல்லையென்றால் காரில் போகலாமா? (காட்கோபர் வாசகர்)

முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும். திறந்த சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியல்தான். சாலையும் அப்படியே. மும்பை-கோவா நெடுஞ்சாலையை அகலப்படுத்தத் தொடங்கியது 2011இல். அது பற்றி மேலே சொன்னால் இந்தப் பக்கம் போதாது. கொங்கண்காரர்கள் சொந்த ஊருக்குப் போகும் வாரம் அது. நீங்கள் மூன்று வாரம் கழித்துப் போங்கள்.

இங்கே டிசம்பரில் ஒரு துளி மழை இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளோடு திருச்செந்தூர், மணப்பாடு, கன்னியாகுமரி போகலாமா? (தாராவி வாசகர்)

மும்பையில் வறண்டிருக்கிறது என்பதற்காக உங்கள் ஊரும் வறண்டிருக்க வேண்டுமா? நெல்லைச் சீமையில் பிறந்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை மறக்கலாமா, அண்ணாச்சி? தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி. 2023 டிசம்பர் 17-18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! சாந்தாகுரூஸ் கணக்குக்கு இணையானது. செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் மழை பெரும்பாலும் தணியும். அதற்கு உத்தரவாதம் தர மாட்டேன். போங்கள், ஆனால் திரும்பும் டிக்கெட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே இரண்டு நாள் விட்டுவையுங்கள், அறை பணம் திரும்பக் கிடைப்பதாக இருக்கட்டும். பொங்கலுக்குத் தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது.

ஜூலையில் மால்வணி மீன் சாப்பாட்டுக்காகவே போகிறோம். (சயான் நண்பர்கள்)

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. தட்டில் விழுவது பனிக்கட்டி மீன், கழி மீன் அல்லது கருவாடு. ஆகஸ்ட் வாக்கில் வரும் நாரளி பௌர்ணமி கழிந்து போங்கள்.

ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போவதை எங்கே, எப்போது பார்க்கலாம்? (போரிவலி மாணவி)

வேளாஸ், ஆஞ்சர்லே. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, விடியற்காலையிலும் மாலையிலும். கிராமத்து வீடுகளிலேயே தங்கலாம். குஞ்சு வெளிவரும் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு இரவாவது தங்குங்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

கடற்கரைக்கு எந்த மாதம் நல்லது? (ஊர் எழுதவில்லை)

எந்தக் கடற்கரை என்றும் எழுதவில்லை. கொங்கண் என்று வைத்துக்கொண்டால் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. அக்டோபரில் மழை போயிருக்கும், புழுக்கம் மண்டையைப் பிளக்கும்.

கணபதி கரைக்கும்போது ஜூஹுவில் ஜெல்லி மீன் கொட்டும் என்று அம்மா பயப்படுகிறார். உண்மையா? (அந்தேரி வாசகர்)

உண்மை. ஆகஸ்டை ஒட்டி நீலநிற ஜெல்லி மீன்கள் கரையொதுங்கும், ஆழமற்ற தண்ணீரில் திருக்கையும் மறைந்து கிடக்கும். வெறுங்காலோடு இறங்காதீர்கள், மாநகராட்சி ஆட்கள் இருக்கும் இடத்தில் பிள்ளையாரை அவர்களிடம் ஒப்படைத்துவிடுவது உத்தமம். ஜெல்லி மீன் பட்டால் தேய்க்கக் கூடாது, கடல் தண்ணீராலேயே கழுவ வேண்டும். திருக்கை குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.