பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் சிறிய ஒயின் தயாரிப்பாளர்களை நேரில் சந்தித்து, அவர்களோடு உட்கார்ந்து ருசி பார்க்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒரு கணக்கு. பர்கண்டிப் பீப்பாய் ஒன்று 228 லிட்டர் பிடிக்கும். அதிலிருந்து வருவது சுமார் 300 பாட்டில். தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரிந்த நிலம் வேறு. 50 ஹெக்டேர் அளவுள்ள 'க்ளோ த வூஜோ' என்ற ஒரே தோட்டத்துக்கு ஏறக்குறைய 80 சொந்தக்காரர்கள். ஆக, ஒரு குடும்பத்திடம் ஒரு நிலத்து ஒயின் சில பீப்பாய்தான் தேறும். உங்களுக்காகத் திறக்கிற பாட்டில், அவர்கள் விற்றிருக்கக்கூடிய பாட்டில். அதனால்தான் முன்கூட்டிச் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினால் முகம் கொடுக்க மாட்டார்கள்.

மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே பிரெஞ்சில் நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: தேதி, நேரம், எத்தனை பேர், என்ன மொழி பேசுவீர்கள். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். செப்டம்பர் அறுவடையின்போதும் ஆகஸ்ட் விடுமுறையிலும் கேட்காதீர்கள். நவம்பர் மூன்றாவது ஞாயிறு போன் (Beaune) என்ற ஊரில், 'ஆஸ்பீஸ்' என்ற பழைய தர்ம மருத்துவமனையின் ஒயின் ஏலம் நடக்கும். அந்த வாரம் அறை கிடைப்பதே கஷ்டம். பகல் 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம், ஞாயிறு பெரும்பாலும் விடுமுறை. விலை உயர்ந்த ஒயினுக்குப் பேர்போன வோன் ரொமானே கிராமத்தின் பெரிய தயாரிப்பாளர்களைத் துரத்துவது வீண் வேலை. சேன் ரொமேன், சேன் ஒபேன், மோன்தெலி, மெர்க்குரே, ரூயி போன்ற கிராமங்கள் பக்கம் போனால் பேசவும் ஆள் கிடைக்கும், விலையும் தாங்கும்.

பாரிஸிலிருந்து டிஜோனுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். அங்கிருந்து போனுக்கு உள்ளூர் ரயில். போனிலிருந்து பொமார், வோல்னே, மெர்சோ வழியாக சான்தெனே வரை தோட்டங்களுக்கு ஊடே சைக்கிள் பாதை உண்டு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும். ஓரிடத்தில் எட்டு வகை, தலா 4 சென்டிலிட்டர் என்றாலே 32 சென்டிலிட்டர். ருசித்த ஒயினைத் துப்பாவிட்டால் இரண்டாவது இடத்தில் நாக்கு வேலை செய்யாது. ஒரு நாளுக்கு இரண்டு இடம் போதும்.

வாசனைத் திரவியம் வேண்டாம். தலையில் மல்லிகைப்பூவும் வேண்டாம். நிலவறை 12 டிகிரி அளவில் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் கண்ணாடிக் குழாயைப் பீப்பாயில் விட்டு, மேல் துளையை விரலால் அடைத்துத் தூக்கி, உங்கள் கிளாஸில் விரலைத் தளர்த்துவார். மிச்சத்தைச் சட்டென்று கொட்டிவிடாதீர்கள். சிலர் அதை மறுபடி பீப்பாயிலேயே ஊற்றுவார்கள். அவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். தரையில் ஜல்லி இருந்தால் அதிலேயே துப்புவதும் உண்டு. சிவப்பு ஒயினை முதலில் கொடுத்து வெள்ளையைப் பிறகு கொடுத்தால் குழம்ப வேண்டாம், அந்த ஊர் வழக்கம் அது. குளிர்காலத்தில் புது ஒயின் பச்சை ஆப்பிள் போலப் புளித்து, நாக்கில் குமிழி விட்டால் கெட்டுப்போனதல்ல. மாலிக் அமிலம் லாக்டிக்காக மாறும் இரண்டாம் நொதித்தல் இன்னும் முடியவில்லை.

பேச்சு நன்றாகப் போனால் கவிழ்த்த பீப்பாய் மேல் ரொட்டி, சீஸ், பன்றித் தொடைக்கறியைப் பார்ஸ்லியோடு ஜெல்லியில் உறையவைத்த 'ழாம்போன் பெர்சியே' எல்லாம் வரலாம். சைவம் என்றால் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். சைவமாகத் தெரியும் எப்வாஸ் சீஸிலும் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கும். அந்த எப்வாஸின் வீச்சம் பினோ நுவார் திராட்சையின் நல்ல சிவப்பு ஒயினை அமுக்கிவிடும், அதற்கு வெள்ளைதான் சரி. சீஸ் சேர்த்துச் சுட்ட குஜேர் பன்னுக்கு அலிகோத்தே என்ற வெள்ளை ஒயின். சாப்பாட்டு மேசையில் துப்பக் கூடாது, உங்கள் கிளாஸை நீங்களே நிரப்பவும் கூடாது. ஊரிலிருந்து காரச்சேவு கொண்டுபோயிருந்தால் ருசி பார்த்து முடித்த பிறகு கொடுங்கள். காரம் ஏறிய வாயில் ஆல்கஹால் எரியும், துவர்ப்புத் தரும் டானின் கசக்கும்.

கட்டணம் வாங்காத இடத்தில் ஓரிரு பாட்டிலாவது வாங்குவதுதான் மரியாதை. இந்தியாவுக்குள் தீர்வையின்றி ஒருவர் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் மூன்று என்றால் 2.25 லிட்டர் ஆகிவிடும், கூடுதலுக்கு வரி கட்ட வேண்டும். கைப்பையில் அனுமதி இல்லை. பெட்டியின் நடுவில், துணிகளுக்கு இடையே வையுங்கள்.