பிஎச்பில ஒரு பேஜுக்கு ஒரே டேட்டாபேஸ் கனெக்ஷன் போதும் தம்பி

மாட்டுத்தாவணி பூக்கடைக்கு ஆர்டர் சைட் போட்டேன், முகூர்த்த நாளன்னிக்கு 'டூ மெனி கனெக்ஷன்ஸ்'னு நிக்குது, பெர்சிஸ்டன்ட் கனெக்ஷன் (பேஜ் முடிஞ்சாலும் மூடாம அடுத்த தடவைக்குத் தொறந்தே வைக்கிறது) போட்டா சரியாகுமான்னு கேட்டிருக்கீங்க. ஆகாது தம்பி, இன்னும் மோசமாகத்தான் வாய்ப்பு ஜாஸ்தி.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல செட்டிங் எதையும் தொடலன்னா ஒரே நேரத்துல 151 கனெக்ஷன் தான். உங்க கோட்ல பூ விலை கிளாஸ், ஸ்டாக் கிளாஸ், ஆர்டர் கிளாஸ்னு மூணும் தனித்தனியா பிடிஓ (பிஎச்பில இருந்து டேட்டாபேஸுக்குப் போற கனெக்ஷன்) தொறந்து வச்சிருக்கு, பேஜ் முடியிற வரைக்கும் அது மூடாது, அப்ப ஒரே நேரத்துல அம்பது பேர் வந்தாலே 150 காலி, அடுத்த ஆளுக்கே முட்டிருது. பேஜ் ஆரம்பத்துல ஒண்ணே ஒண்ணு தொறந்து மூணு கிளாஸுக்கும் கன்ஸ்ட்ரக்டர்ல (கிளாஸ்ல ஆப்ஜெக்ட் உருவாகறப்ப ஓடுற ஃபங்ஷன்) அதையே குடுங்க.

பெர்சிஸ்டன்ட் போட்டா ஒவ்வொரு எஃப்பிஎம் வொர்க்கரும் (சர்வர்ல பிஎச்பி பேஜ ஓட்டுற பிராசஸ்) வேலை இல்லாதப்பவும் கனெக்ஷன புடிச்சுக்கிட்டே இருக்கும், வொர்க்கர் 200 வச்சிருந்தா கணக்கு நீங்களே போட்டுக்கங்க. மைஎஸ்க்யூஎல்ல 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' அடிச்சுப் பாருங்க, சும்மா கெடக்குற கனெக்ஷனெல்லாம் 'ஸ்லீப்'னு வரிசையா நிக்கும்.

எஸ்எம்எஸ் அனுப்புற எடத்துலயும் கவனம், அந்த சர்வர் பதில் சொல்ற வரைக்கும் கனெக்ஷன் சும்மா கெடக்கும், எஸ்எம்எஸ் அனுப்புறதுக்கு முன்னாடியே கனெக்ஷன வச்சிருக்கிற வேரியபிள் எல்லாத்தையும் 'நல்' (null, அதாவது காலி) ஆக்கிருங்க, அப்பதான் அது மூடும்.