மூன்று வாரம் நிற்கப்போகும் மின்கார்

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தஞ்சாவூர் போகிறோம். கார் சிங்கப்பூரில், பொங்கோலில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் 3 வாரம் நிற்கும். ஓட்டாத நாளில்கூட 4 விழுக்காடு இறங்குகிறது. பேட்டரி பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. லித்தியம் பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்கே சில விழுக்காடுதான். மீதியெல்லாம் கார் தூங்காமல் இருப்பதால் போவது. 60 கிலோவாட் மணி பேட்டரியில் 4 விழுக்காடு என்றால் 2.4 கிலோவாட் மணி. இரவு பகலாக 100 வாட் விளக்கு எரிகிற கணக்கு. இப்படியே விட்டால் 21 நாளில் 84 விழுக்காடு போய்விடும்.

முதலில் டேஷ்கேமை, அதாவது முன்கண்ணாடியில் பொருத்தும் பதிவுக் கேமராவைப் பாருங்கள். கார் நிற்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடில் அது 5 வாட் எடுத்தால் நாளுக்கு 120 வாட் மணிதான். ஆனால் எடுப்பது 12 வோல்ட் சிறிய பேட்டரியிலிருந்து. 45 ஆம்பியர் மணி பேட்டரியின் கொள்ளளவே 540 வாட் மணி. ஐந்து நாள் தாங்காது. அது இறங்கும்போதெல்லாம் கார் விழித்து, பெரிய பேட்டரியிலிருந்து நிரப்பும். விழித்த நேரமெல்லாம் கணினிகளும் ஓடும். செலவு அங்கேதான் பெருகுகிறது. சில மாடல்கள் சில தடவைக்கு மேல் நிரப்பாது. 12 வோல்ட் செத்தால், பெரிய பேட்டரியில் பாதி இருந்தும் கதவு வழக்கம்போல் திறக்காமல் போகலாம். பார்க்கிங் மோடை அணையுங்கள், அல்லது டேஷ்கேமின் ஃபியூஸ் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது கண்காணிப்புக் கேமரா. டெஸ்லாவில் சென்ட்ரி மோட். 250 வாட் எடுத்தால் நாளுக்கு 6 கிலோவாட் மணி, அதாவது 10 விழுக்காடு. கேபின் குளிரூட்டலையும் அணையுங்கள். கைப்பேசிச் செயலியைத் திறந்து பார்ப்பதும் காரை எழுப்பும். தஞ்சாவூரிலிருந்து தினமும் பார்க்காதீர்கள்.

இவற்றை அணைத்ததும், வெள்ளி இரவு விழுக்காட்டைக் குறித்துவிட்டு திங்கள் காலை வரை காரையும் செயலியையும் தொடாதீர்கள். திரையில் தெரிவது முழு எண் மட்டுமே என்பதால் ஒருநாள் சோதனை போதாது. நாளுக்கு 1 விழுக்காடோ அதற்குக் குறைவோ இறங்கினால் கவலையில்லை. பிறகும் 3, 4 என்றால் சர்வீஸ் நிலையத்தில் காட்டுங்கள்.

கிளம்பும்போது 60 விழுக்காடு இருக்கட்டும். நம் ஊர் வெப்பத்தில் 100இல் வாரக்கணக்கில் நிறுத்துவது பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். பெட்ரோல் கார் பழக்கத்தில் 12 வோல்ட் வயரைக் கழற்றிவிட்டுப் போகாதீர்கள். பூட்டுகள் அதில்தான் இயங்குகின்றன.